ஏழுமலை வரும் வரை

அன்று இருந்தவர்கள்: கோதண்டம், அவர் மனைவி ராஜம்மா, முத்திரைத்தாள் விற்கும் கண்ணப்பன், நான். அலுவலகத்துக்குள்ளே சார்பதிவாளர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி. உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஆர்.கே.பேட்டை போயிருந்தார். இன்னொருவர் கோதண்டத்தின் அண்ணன் ஏழுமலை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் முடிக்க வேண்டும் என்றுதான் புருஷனும் மனைவியும் அன்றைக்கு வந்திருந்தார்கள்.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்று ஆரம்பிப்பது நம் தொழிலின் பழக்கம். கும்மிடிப்பூண்டி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் கொட்டகையில் ஒன்பது வருஷம் பத்திரம் எழுதினேன். இப்போது அரசாங்க வேலை கிடைத்துப் போகிறேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஓய்வு பெற்றவர்கள் பேச வேண்டிய பேச்சை இந்த வயதில் பேசுகிறேனே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெஞ்சில் உட்காரப் போகிற நீங்கள் புதியவர்கள். பத்திரம் எழுதுவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். பழைய நகல் ஒன்றைப் பார்த்தால் அதுவே வந்துவிடும். எழுதக் கூடாததை எப்போது எழுதாமல் இருப்பது என்பதைத்தான் நகலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கூலிப் பட்டியலில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "இன்னா எழுதிக்குது, படி" என்பார். படித்துக் காட்டினால் நம்புவார். அந்த நம்பிக்கை எனக்கும் ஒட்டிக்கொண்டது. எழுதியிருந்தால் அது நிஜம் என்று நினைக்கிறவனாகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது திருவள்ளூரில் நடந்த ஒரு காரியம். கும்மிடிப்பூண்டிக்கு வருவதற்கு முன் கொஞ்ச காலம் அங்கே ஒரு பெஞ்சில் இருந்தேன். திருப்பாச்சூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் அப்பா முன்பே அவருக்கு 'பவர்' எழுதிக் கொடுத்திருந்தார். அதாவது, அப்பாவுக்காக மகன் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரப் பத்திரம். அதில் எல்லாக் கொட்டகையிலும் வழக்கமாகச் சேர்க்கும் வரியும் இருந்தது: 'நான் நினைவு தப்பிப் போனாலும் இந்த அதிகாரம் செல்லும்.' சார்பதிவாளர் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"அப்பா எப்பிடி இருக்காரு?"

"ஆளே தெரியல சார். கீழ வுயுந்ததுலேர்ந்து என்னையே யாருன்னு கேக்குறாரு. அதுக்குத்தான் பவர வச்சி நான் போட வந்தேன்."

சார்பதிவாளர் பத்திரத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார். கொடுத்தவருக்கு நினைவு போனால் அவர் கொடுத்த அதிகாரமும் அதோடு போய்விடும். என்ன வரி எழுதினாலும் நிற்காது, கோர்ட்டுக்குப் போய் உன்னைக் காப்பாளராக நியமிக்கும் உத்தரவு வாங்கி வா என்றார். அந்த மனிதர் கொட்டகைக்கு வந்து, எழுதியவரைப் பார்த்து, "அப்போ எதுக்கு இத எழுதுன?" என்று கேட்டார். எழுதியவர் அடுத்த ஆளின் பத்திரத்தைக் கையில் எடுத்தார். கேட்பவர்களுக்கு அந்த வரி பிடித்திருக்கிறது, படித்துக் காட்டினால் முகம் தெளிகிறது, அதனால் எழுதுகிறோம். மறுநாளும் அதே கொட்டகையில் அதே வரியை எழுதினார்கள். நான் எழுதுவதை விட்டுவிட்டேன்.

கோதண்டம் வந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்காரர்கள் நிலம் தேடி ஊர் ஊராக வரத் தொடங்கிய சமயம். இரும்பு உருக்கும் பட்டறை ஒன்றில் அவர் வேலை செய்தார். முன்கைகளில் தீப்பொறி பட்ட புள்ளிகள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். ராஜம்மா அவருடைய இடது பக்கமாகவே நின்றாள்.

"தம்பி, இவுரு எனக்கு பவர் எழுதிக் குடுக்கணும். சீக்கிரமா எழுதிக் குடுப்பா. அவுருக்குத் தலவலி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்" என்றாள்.

கோதண்டம் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "மண்டைக்குள்ள ஒரு கட்டி வளந்துகினு கீது தம்பி. எலுமிச்சங்கா அளவுன்றாங்க. எடுத்துக் குடுத்தாங்கன்னா ஊறுகா போட்டுக்கலாம்."

கண்ணப்பன் சிரித்தார். ராஜம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மெட்ராசில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அன்று மாலை ரயிலுக்கே கிளம்புகிறார்கள். மண்டையைத் திறந்தபின் மூன்று விதமாக ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்லபடியாக எழுந்திருக்கலாம். உயிர் போய்விடலாம். மூன்றாவதுதான் கோதண்டத்தைத் தூங்கவிடாமல் செய்தது.

"உசுரு இருக்கும், ஆளு இருக்க மாட்டேன். அப்பிடிக் கெடந்தா இவ இன்னா செய்வா? ஒரு ஏக்கரா நெலமும் ஊடும் என் பேர்ல கீது. புள்ளைங்க ரெண்டும் சிறுசு. ஒரு கையெழுத்து வேணும்னா கூட எங்க போவா? அதான் பவர்."

நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். என் முதலாளி அங்கே இருந்திருந்தால் அந்தப் பவர் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர்களும் நிம்மதியாக ரயில் ஏறியிருப்பார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பாச்சூர்க்காரருக்கு நடந்ததைச் சொன்னேன்.

கோதண்டம் என்னிடமே திருப்பிக் கேட்டார். "நான் நல்லா இருக்க சொல்லதான் பவர் செல்லும். நான் நல்லா இருந்தா கையெழுத்த நானே போட்டுக்குவேனே. அப்போ எனக்கு எதுக்குப்பா பவரு?"

"இத்தினி வருசமா ஸ்டாம்பு விக்கிறேன், இந்தக் கேள்விய எவனும் கேட்டதில்ல. மண்டையில கட்டி வந்தவன் வந்துதான் கேக்கணுமா?" என்றார் கண்ணப்பன்.

வழி ஒன்றுதான் இருந்தது. நினைவு இருக்கும்போதே, இன்றைக்கே, நிலத்தையும் வீட்டையும் ராஜம்மா பேருக்குத் தானமாகச் செட்டில்மெண்ட் எழுதிவிடுவது. எழுதினால் எழுதியதுதான், அவர் படுத்தாலும் எழுந்தாலும் நிலம் அவளுடையது. திரும்ப வாங்க முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

ராஜம்மா பதறிவிட்டாள். "எனக்கு நெலம் வேணாம்பா. கையெழுத்துப் போட ஒரு வழி இருந்தா போதும். ஊரு இன்னா பேசும்?"

"ஊரு பேசாத நாள் எது?" என்றார் கோதண்டம். "எழுது தம்பி."

அப்போதுதான் கேட்டேன். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

ராஜம்மா கோதண்டத்தைப் பார்த்தாள், அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கவனியுங்கள்: இந்தக் கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் ஒருவர். பெயர் ஏழுமலை. பாகம் பிரித்தாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து நிலம். செங்கல் சூளையிலும் வேலை செய்கிறார். தம்பி நிலத்தில் மனைவி பேர் ஏறுவதற்கு ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். கோதண்டம் ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்குத் தெரியும். இங்கே வந்தது தெரியாது.

"அவரைக் கூப்பிடுங்க" என்றேன்.

ராஜம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அவுரு வந்தா இது நடக்காது. கையெழுத்து ஆகுற வரிக்கும் வாயத் தொறக்காதன்னுதான இங்க எல்லாருக்கும் நீங்க சொல்லுவீங்க? எனக்கு மட்டும் ஏன்பா மாத்திச் சொல்ற?"

அவள் சொன்னது சரி. நம் கொட்டகையின் வழக்கம் அதுதான். பதிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்போம். பதிந்த பத்திரத்தை யார் என்ன செய்ய முடியும் என்று தைரியமும் சொல்லுவோம். நல்ல உடம்போடு இருப்பவன் எழுதும்போது அது ஓடும். ஆனால் இங்கே எழுதப் போகிறவருக்கு மண்டையில் கட்டி. நாளைக்கு ஆஸ்பத்திரி. இன்றைக்கு ரகசியமாக மனைவி பேருக்கு நிலம். 'தம்பிக்குப் புத்தி தடுமாறின நேரத்தில் எழுதி வாங்கிவிட்டாள்' என்று அண்ணன் ஒரு வழக்குப் போட்டால், பதில் சொல்லக் கோதண்டத்துக்கு வாய் இருக்காது. அவர் புத்தியோடு இருந்தார் என்று யார் சொன்னாலும், அண்ணன் சொல்வதுபோல ஆகாது. எந்த ஆள் நாளைக்கு எதிர்ப்பாரோ அந்த ஆளே இன்றைக்குச் சாட்சியாக நிற்க வேண்டும்.

இதை அவளிடம் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை. கோதண்டம்தான் கண்ணப்பனைப் பார்த்துச் சொன்னார்: "சைக்கிள எடுப்பா. சூளையில இருப்பாரு. நான் கூப்புட்டேன்னு சொல்லு. எதுக்குன்னு சொல்லாத."

கண்ணப்பன் போன பிறகுதான் ராஜம்மா ஏன் இடது பக்கமே நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது. கோதண்டத்துக்கு வலிப்பு வரும். வருவதற்கு முன்னால் இடது கைக் கட்டைவிரல் துடிக்கும். வந்து போனால் வெகுநேரம் யாரையும் அடையாளம் தெரியாது. மனைவியிடமே, "நீ யாரும்மா" என்று மரியாதையாகக் கேட்பாராம். அவள் காலையிலிருந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் பத்திரத்தை எழுதத் தொடங்கினேன். மூன்று மணிக்கு மேல் சார்பதிவாளர் புதிதாக எதையும் வாங்க மாட்டார். சூளை தூரம். ஏழுமலை வர மறுக்கலாம். வந்து, நேரே உள்ளே போய், "என் தம்பிக்குப் புத்தி சரியில்ல" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அல்லது அவர் வருவதற்குள்ளேயே வலிப்பு வந்துவிட்டால் சார்பதிவாளர் முன்னால் கோதண்டத்தை நிறுத்தவே முடியாது. எப்படிப் பார்த்தாலும் இந்தப் பெண்ணின் கையில் ஒன்றும் இருக்காது. அதற்குக் காரணம் நான் காத்திருக்கச் சொன்னதாக இருக்கும். நாலு எல்லைகளை எழுதும்போது கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, அடித்துத் திருத்திக் கையெழுத்து வாங்கினேன். எனக்கு அப்படி ஆனதே கிடையாது.

"தம்பி, போதும்பா. உள்ள போயிடலாம்" என்றாள் ராஜம்மா.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாங்க."

"வெரல் துடிக்குற மாதிரி கீது."

"துடிக்கல" என்றார் கோதண்டம். "நீ பாத்துப் பாத்துதான் துடிக்க வச்சிடுவ."

கண்ணப்பனின் சைக்கிள் மணி கேட்டது. பின்னால் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை செம்மண் தூசி. சைக்கிள் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். கண்ணப்பனைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டாம்பு விற்பவர் தேடி வந்தால் வேறு எதற்காக வருவார்?

"டேய் கோதண்டம்! யாரக் கேட்டுக்கினு இங்க வந்த?"

"குந்துண்ணே."

"குந்தறதுக்கு வரல. ஆஸ்பத்திரிக்குப் போறவன் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுக்கு வந்தான்னு கேக்க வந்தேன்." ராஜம்மா பக்கம் திரும்பினார். "பள்ளிப்பட்டுலேர்ந்து வந்தவளுக்கு டப்பு வாசன நல்லாத்தான் தெரியுது." அவள் ஊர்ப் பக்கத்துத் தெலுங்கில் பணத்துக்கு டப்பு என்று பெயர்.

"மாமா, ஒங்க ஊட்டு மாட்டுக்கும் சேத்து நான்தான் கெணத்துலேர்ந்து தண்ணி எறச்சேன். அப்போ எல்லாம் பள்ளிப்பட்டு ஞாபகம் வரலியா?"

"வாய் பாத்தியா! வாய் பாத்தியா!" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். அப்புறம் என் மேலேயே திரும்பினார். "நீதான் எழுதறவனா? மண்டையில கோளாறு இருக்கறவன் கையில எழுதி வாங்கறியே, ஒனக்கு மனசாட்சி கீதா?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பதில் சொல்லி ஜெயித்தால் பத்திரம் போய்விடும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிராளி கத்தும்போது, அவர் எதற்குக் கத்துகிறார் என்பதை விட்டுவிட்டு எப்படிக் கத்துகிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் நாம் செய்யும் தப்பு.

"ஐயா, திட்டறத அப்பறம் திட்டலாம்" என்றேன். "இது பதிஞ்சா உங்களுக்கு என்ன கஷ்டம் வரும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். "கெணறு" என்றார்.

"என்ன கெணறு?"

"பொதுக் கெணறு அவன் பக்கத்துல கீது. வாய்ப்பேச்சுல தண்ணி எடுத்துக்கினு கீறோம். இவன் இருக்கற வரிக்கும் ஒண்ணுமில்ல. இவ நாளைக்கு எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்கு வித்துட்டுப் புள்ளைங்கள இட்டுகினு பள்ளிப்பட்டுக்குப் போயிட்டா? அவன் வேலி போட்டுடுவான். என் நெலம் காஞ்சி கெடக்கும். நான் யார் கிட்ட போயி நியாயம் கேக்கறது?"

தம்பி மனைவி மேலிருந்த கோபத்தின் அடியில் இருந்தது இவ்வளவுதான். பாகம் பிரித்தபோது எழுதியவர், கிணற்றை எழுத மறந்திருந்தார். நான் ராஜம்மாவைப் பார்த்தேன்.

"எழுதிக்கப்பா" என்றாள். "தண்ணிய நான் தூக்கிகினா போவப் போறேன்?"

கிணற்றுத் தண்ணீர் இரண்டு நிலத்துக்கும் பொது, அந்த உரிமை நிலத்தோடேயே போகும், யார் வாங்கினாலும் மறிக்கக் கூடாது என்று ஒரு பாரா சேர்த்தேன். ஏழுமலைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாளைக்கே நீ நல்லா எழுந்து வந்து நிக்கற. இவ வெளிய தள்ளிட்டான்னா?"

"தள்ளுனா ஒன் ஊட்டுக்கு வரேன். சோறு போட மாட்டியா?"

"போட மாட்டேன்."

"அண்ணி போடுவாங்க."

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது கோதண்டம், "தம்பி, இன்னொண்ணும் எழுதணும்" என்றார்.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது அங்கே ஒருவரைக் கண்டிருக்கிறார். மூக்கில் குழாய். கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. மாசக் கணக்கில் அப்படியே இருக்கிறாராம். வீட்டுக்காரர்கள் கால்மாட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அப்பிடிப் போட்டுடாதீங்க. டாக்டருங்க இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு சொல்லிட்டா ஊட்டுக்கு இட்டாந்துடுங்க. நம்ம ஊட்ல, நம்ம கூரைக்குக் கீழ இருக்கணும்."

"வாயக் கழுவுடா! எவன் சாவப் போறான் இங்க?" என்று ஏழுமலை கத்தினார்.

ராஜம்மா மெதுவாகச் சொன்னாள்: "நான் எப்பிடிச் சொல்லுவேன்? நெலம் என் பேர்ல இருக்க சொல்ல, ஊட்டுக்கு இட்டுனு போலாம்னு என் வாயால நான் சொன்னா, எழுதி வாங்கிக்கினு புருசன முடிச்சிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

ஒரு பத்திரம் எழுதினால் அது இன்னொரு கதவை மூடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நிலம் அவள் கைக்கு வந்த அந்த நிமிஷத்திலேயே, அவரைப் பற்றித் தனியாக முடிவு சொல்கிற உரிமை அவள் கையை விட்டுப் போய்விட்டது.

"அதான்" என்றார் கோதண்டம். "ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க. அண்ணனும் நீயும். ஒருத்தர் மட்டும் சொன்னா ஆவாதுன்னு எழுது தம்பி."

இப்படி ஒரு பத்திரம் எந்த நகலிலும் இல்லை. இதற்குச் சட்டத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியாது. பதியவும் மாட்டார்கள், டாக்டர்கள் மதிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. அதை மூன்று பேரிடமும் சொன்னேன். சொல்லாமல் எழுதியிருந்தால் நானும் அந்தப் பவர் வரி எழுதுகிறவர்களில் ஒருவன்தான்.

"ஸ்டாம்பு?" என்றார் கண்ணப்பன்.

"வேணாம். வெள்ளைத்தாள் போதும்."

அவர் சொன்னதையே எழுதினேன். நம் வழக்கமான 'ஆகவே இதன் மூலம்' எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 'இனிமேல் கண் திறக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னால், என் அண்ணன் ஏழுமலையும் என் மனைவி ராஜம்மாவும் கலந்து பேசி, என்னை வீட்டுக்கு அழைத்து வர வேண்டியது. ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது.' கோதண்டம் கையெழுத்துப் போட்டார். ராஜம்மா கைநாட்டு வைத்தாள். ஏழுமலை மையில் விரலைத் தொட்டவர், அப்படியே கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தார். பிறகு வைத்தார்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் உள்ளே போனோம். ஏழுமலை சாட்சியாக வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூடவே வந்தார்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கோதண்டத்தின் தலைத்துண்டைப் பார்த்தார். "தலையில என்ன?"

எதையும் மறைக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். "கட்டி சார். நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றார் கோதண்டம்.

சார்பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, நிலம் எங்கே இருக்கிறது, பக்கத்து நிலம் யாருடையது. எல்லாவற்றுக்கும் கோதண்டம் சரியாகச் சொன்னார். கடைசியாக, "இதுல கையெழுத்துப் போட்டப்பறம் நிலம் யாருது?" என்று கேட்டார்.

கோதண்டம் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த இடது கையில் கட்டைவிரல் துடிக்கத் தொடங்கியது. ராஜம்மா பார்த்தாள். நான் பார்த்தேன். ஏழுமலையும் பார்த்தார்.

சார்பதிவாளர் ஏழுமலையிடம் திரும்பினார். "நீ யாரு?"

"கூடப் பொறந்தவன்."

"இவருக்கு நினைவு சரியா இருக்கா? என்ன எழுதறோம்னு தெரிஞ்சுதான் எழுதறாரா?"

அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் சொல்லக்கூட வேண்டாம். தோளைக் குலுக்கினாலே போதும். அந்தப் பத்திரம் அங்கேயே கிடக்கும், தம்பி மாலை ரயில் ஏறிப் போய்விடுவார்.

"எனக்கு இது புடிக்கல சார்" என்றார் ஏழுமலை. "மனசார ஒத்துக்கினு நான் வரல." தம்பி பக்கம் திரும்பினார். "ஆனா அவனுக்கு நெனவு கீது. நல்லாவே கீது."

சார்பதிவாளர் மறுபடி கோதண்டத்தைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. அதற்காக அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

"இவளுது சார்" என்றார் கோதண்டம், ஒவ்வொரு எழுத்தாக. "கெணத்துத் தண்ணி மட்டும் ரெண்டு பேருக்கும்."

கையெழுத்து ஆயிற்று. அடுத்து இடது கட்டைவிரல் ரேகை. துடிக்கிற அந்த விரல்தான். மை தடவி உருட்டும்போது தாளில் நில்லாமல் வழுக்கியது. ஏழுமலை முன்னால் வந்து தம்பியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரேகை சுத்தமாக விழுந்தது. வராந்தாவுக்கு வந்தபோது வலிப்பு வந்தது. அண்ணனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கி அவரைப் படுக்க வைத்தார்கள். தெளிந்த பிறகு கோதண்டம் ஏழுமலையிடம், "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"சூளையில வேலை செய்றவன்" என்றார் ஏழுமலை. "வா, ரயிலுக்கு நேரமாச்சி."

ஆபரேஷன் நடந்தது. கோதண்டம் கண் திறக்கவில்லை.

வாரங்கள் போயின. ஒருநாள் மத்தியானம் ஏழுமலை கொட்டகைக்கு வந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்த அந்த வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"படி."

படித்தேன்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"ஒருத்தர் மட்டும் சொன்னா கூடாதுன்னுதான போட்டுக்குது?"

"ஆமாங்க."

"டாக்டரு சொல்லி நாளாச்சி. அவ சரின்னுட்டா. நான்தான் வாயத் தொறக்கல." என்னை நேராகப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ இன்னா சொல்ற?"

ஒன்பது வருஷத்தில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இரக்கத்தில் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கொண்டு வாருங்கள் என்றால் அது என் முடிவாகிவிடும். வேண்டாம் என்றாலும் என் முடிவுதான். கோதண்டம் என் பெயரை அதில் எழுதச் சொல்லவில்லை.

"நான் எழுதினவன் மட்டும்தாங்க" என்றேன். "அவர் உங்க பேரைச் சொல்லும்போது நான் பக்கத்துல இருந்தேன். நல்ல நினைவோடதான் சொன்னாரு."

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்களும் மறுக்கவில்லை. கோதண்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது காரின் முன்சீட்டில் ஏழுமலை உட்கார்ந்து வந்ததை ஊரே பார்த்தது. அதனால் ராஜம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் கோதண்டம் தன் கூரைக்குக் கீழே இருந்தார். உயிர் போகும்போது இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள்.

உங்களிடம் நாளைக்கு யாராவது வந்து, "எனக்கு நெனவு போனா" என்று ஆரம்பித்தால், பழைய நகலை எடுக்காதீர்கள். யாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆள் வரும் வரை காத்திருங்கள். காத்திருப்பதில் எல்லாம் போய்விடவும் கூடும். அப்படிப் போகாது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த வெள்ளைத்தாளுக்கு நான் கூலி வாங்கவில்லை. அதில் எழுதியிருந்தபடி செய்ய அவர்களுக்கு ஆன செலவு கார் வாடகை. அந்த நிலையில் இருப்பவரை ஏற்ற மாட்டேன் என்று மெட்ராசில் இரண்டு கார்க்காரர்கள் போய்விட்டார்கள். மூன்றாமவர் அதிகம் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தார்கள். நூற்று நாற்பது ரூபாய். ஏழுமலை எழுபது, ராஜம்மா எழுபது.